இயங்குதள நிரலாக்கத்தில் பயனரின் குழு விவரங்களைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் மாலை நேரங்களில் சி மொழியும் லினக்ஸும் கற்பிக்கிறேன். காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கங்களிலிருந்து வரும் பாலிடெக்னிக் மாணவர்களும், பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் படிக்க வருபவர்களும் இந்தப் பாடத்தில் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களைக் கேள்வி பதிலாக இங்கே எழுதி வைத்திருக்கிறேன். செயற்கூறுகளின் பெயர்களை வகுப்பில் நாங்கள் ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். கெட்ஜிஆர்நேம் என்று எழுதினாலும் நிரலில் அதன் கடைசி எழுத்து 'எம்' தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அங்கே ஓர் 'ஈ' சேர்த்துவிட்டு, நிரல் ஏன் தொகுபடவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடியவர்கள் உண்டு.

கேள்வி: குழு விவரத்தைத் தேடுவது என்றால் உண்மையில் எதைத் தேடுகிறோம்?

குழு என்பது பல பயனர்களுக்கு ஒரே அனுமதியைச் சேர்த்துக் கொடுக்க இயங்குதளம் வைத்திருக்கும் ஏற்பாடு. ஒன்று போலத் தோன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. பெரும்பாலான பிழைகள் ஒரு கேள்விக்கு உரிய செயற்கூற்றை இன்னொரு கேள்விக்குப் பயன்படுத்துவதால்தான் வருகின்றன.

முதல் கேள்வி குழுவைப் பற்றியது: 'கேரம்' என்ற குழுவின் எண் என்ன, 1600 என்ற எண்ணுக்கு உரிய பெயர் என்ன? இதற்குக் கெட்ஜிஆர்நேம், கெட்ஜிஆர்ஜிஐடி ஆகிய இரண்டும் விடை தருகின்றன. இரண்டாவது கேள்வி ஆளைப் பற்றியது: செல்வி என்ற பயனர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார்? இதற்குக் கெட்குரூப்லிஸ்ட் இருக்கிறது. மூன்றாவது கேள்வி இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புராசஸைப் பற்றியது: இந்தக் கணத்தில் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, இந்தப் புராசஸுக்கு எந்தக் குழுக்களின் உரிமையைக் கொடுத்து வைத்திருக்கிறது? இதற்குக் கெட்குரூப்ஸ்.

முதல் இரண்டும் கணக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கின்றன. மூன்றாவது கெர்னலைக் கேட்கிறது. பதிவேடும் கெர்னலும் ஒரே விடையைத் தரவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கெர்னலுக்குக் குழுவின் பெயரே தெரியாது; அது எண்களை மட்டுமே வைத்திருக்கிறது. பெயர் என்பது மனிதர்களின் வசதிக்காகப் பயனர்வெளியில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு பட்டியல்.

கேள்வி: குழுவின் பெயர் எனக்குத் தெரியும், எண் வேண்டும். எப்படிப் பெறுவது?

கெட்ஜிஆர்நேம் என்ற செயற்கூற்றுக்குப் பெயரைக் கொடுத்தால், 'குரூப்' என்ற கட்டமைப்பை நோக்கிய ஒரு பாயிண்ட்டர் திரும்ப வரும். அதில் நான்கு உறுப்புகள் உள்ளன: பெயர், கடவுச்சொல், எண், உறுப்பினர் பெயர்களின் பட்டியல். எண்ணைக் கொடுத்துப் பெயரைப் பெறவேண்டுமானால் கெட்ஜிஆர்ஜிஐடி அதே கட்டமைப்பையே தருகிறது. உறுப்பினர் பட்டியல் என்பது எழுத்துச்சரங்களை நோக்கிய பாயிண்ட்டர்களின் வரிசை. அதன் முடிவில் ஒரு வெற்றுப் பாயிண்ட்டர் நிற்கும். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை தனியாக எங்கும் தரப்படுவதில்லை என்பதால், வெற்றுப் பாயிண்ட்டர் வரும்வரை நடந்துதான் எண்ண வேண்டும். கடவுச்சொல் உறுப்பை மறந்துவிடலாம். இன்றைய லினக்ஸில் அந்த இடத்தில் வெறும் 'எக்ஸ்' தான் இருக்கும். உண்மையான மதிப்பு, இருந்தால், ஜிஷேடோ என்ற தனிக் கோப்பில் இருக்கும். குழுவுக்குக் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது.

கேள்வி: ஒருவர் அந்தக் குழுவில் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரியும். ஆனால் உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இது எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு பயனர் இரண்டு வழிகளில் ஒரு குழுவுக்குள் வருகிறார். ஒன்று, பயனர் கணக்குகள் பட்டியலிடப்பட்டிருக்கும் பாஸ்வேர்டு கோப்பில் அவருக்கு உரிய வரியின் நான்காவது புலத்தில் இருக்கும் எண். இது அவருடைய முதன்மைக் குழு. மற்றொன்று, குரூப் கோப்பில் அந்தக் குழுவின் வரியில் கடைசிப் புலத்தில் அவர் பெயர் எழுதப்பட்டிருப்பது. இது துணைக் குழு. துணைக் குழு என்ற ஏற்பாடு 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டியுடன் வந்தது. அதற்கு முந்தைய யூனிக்ஸில் ஒரு புராசஸ் ஒரு நேரத்தில் ஒரு குழுவில் மட்டுமே இருக்க முடிந்தது. வேறு குழுவுக்கு மாற நியூஜிஆர்பி என்ற கட்டளையை இயக்க வேண்டியிருந்தது. பழைய ஏற்பாட்டின் மேல் புதிய ஏற்பாடு கட்டப்பட்டதால் இரண்டும் இரண்டு கோப்புகளில் தங்கிவிட்டன.

எங்கள் ஆய்வகக் கணினியில் குரூப் கோப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

கேரம்:எக்ஸ்:1600:செல்வி,முத்து

பாஸ்வேர்டு கோப்பில் பாஸ்கருடைய வரி இப்படித் தொடங்குகிறது:

பாஸ்கர்:எக்ஸ்:1007:1600:

பாஸ்கரின் முதன்மைக் குழுவே 1600, அதாவது கேரம். அவர் உருவாக்கும் கோப்புகள் வழக்கமாக அந்தக் குழுவுக்கே உரியவையாக உருவாகும். குழுவுக்குத் திறந்துவிட்ட எந்தக் கோப்பையும் அவர் படிக்கலாம். ஆனால் கெட்ஜிஆர்நேம் தரும் உறுப்பினர் பட்டியலில் செல்வியும் முத்துவும் மட்டுமே இருப்பார்கள். தெருமுனை கேரம் கிளப்பின் சந்தா நோட்டில் சந்தா கட்டுகிறவர்களின் பெயர்தான் இருக்கும். கிளப் நடக்கும் வீட்டுக்காரர் பெயர் அதில் இருக்காது. அதனால் அவர் உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நானே இதில் விழுந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்துக்கு, பில்களைப் பார்க்க யாருக்கு அனுமதி உண்டு என்று முடிவுசெய்யும் சிறு நிரலை எழுதிக் கொடுத்தேன். குழுவின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியது, ஏனென்றால் என் சோதனைக் கணக்குகள் அனைத்தும் துணை உறுப்பினர்கள். மறுவாரம் அந்த அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்கென்றே புதிதாகத் தொடங்கிய கணக்குகளுக்கு அந்தக் குழுவையே முதன்மைக் குழுவாகக் கொடுத்திருந்தார்கள். பில்களை எழுதுகிறவர்களே அவற்றைப் பார்க்க முடியாமல் போனது. இரவு ஒன்பது மணிக்கு என்னை அழைத்தார்கள். நான் குரூப் கோப்பை மூன்று முறை பார்த்தேன். பாஸ்வேர்டு கோப்பைப் பார்க்கவேண்டும் என்று அரைமணி நேரம் கழித்துத்தான் தோன்றியது.

ஆகவே 'இந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்' என்ற கேள்விக்கு உறுப்பினர் பட்டியல் முழு விடை அல்ல. முழு விடை வேண்டுமானால், பாஸ்வேர்டு பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பயனரின் முதன்மைக் குழு எண்ணையும் இந்த எண்ணோடு ஒப்பிட்டு, அந்தப் பெயர்களையும் சேர்க்கவேண்டும். ஆனால் பெரும்பாலான நிரல்களுக்கு அந்தக் கேள்வியே தேவைப்படுவதில்லை. 'இந்த ஆள் இந்தக் குழுவில் இருக்கிறாரா' என்பதுதான் தேவை. அதற்கு ஆளின் பக்கத்திலிருந்து கேட்பதே சரி.

கேள்வி: ஒரு பயனரின் எல்லாக் குழுக்களையும் ஆளின் பக்கத்திலிருந்து எப்படிக் கேட்பது?

முதலில் கெட்பிடபிள்யூநேம் மூலம் அவருடைய முதன்மைக் குழு எண்ணைப் பெறுங்கள். பிறகு கெட்குரூப்லிஸ்டுக்குப் பயனரின் பெயர், அந்த முதன்மைக் குழு எண், எண்களை வாங்கி வைக்க ஒரு வரிசை, அந்த வரிசையின் கொள்ளளவு இருக்கும் மாறியின் முகவரி ஆகிய நான்கையும் கொடுங்கள். நீங்கள் கொடுத்த முதன்மை எண்ணும் திரும்ப வரும் பட்டியலில் சேர்ந்திருக்கும் என்பதுதான் இதன் நயம். முந்தைய பதிலில் சொன்ன பள்ளம் இங்கே தானாகவே மூடப்படுகிறது.

வரிசை போதவில்லை என்றால் அது −1 ஐத் திருப்பித் தரும். அப்போது லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் தேவையான எண்ணிக்கையைக் கொள்ளளவு மாறியில் எழுதி வைக்கும். அந்த அளவுக்கு நினைவகத்தை ஒதுக்கி இன்னொரு முறை அழைக்கலாம். இரண்டு அழைப்புகளுக்கு இடையில் நிர்வாகி ஒரு குழுவைக் கூட்டியிருக்கலாம் என்பதால், இரண்டாவது முறையும் −1 வரக்கூடும் என்று எண்ணிச் சுழற்சியாக எழுதுவதே பாதுகாப்பு. வரிசையை 32 என்று நிலையாக அறிவித்துவிட்டு, திரும்பும் மதிப்பைப் பார்க்காமல் விடுவது வகுப்பில் நான் அடிக்கடி திருத்தும் தவறு.

இந்தச் செயற்கூறு யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸில் இல்லை, பிஎஸ்டியிலிருந்து வந்தது. லினக்ஸ், பிஎஸ்டி வகைகள், மேக்ஓஎஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் மேக்ஓஎஸ்ஸில் குழு எண்களின் வகை ஜிஐடி_டி அல்ல, சாதாரண முழு எண் வகை. ஒரே மூல நிரலை இரண்டிலும் தொகுக்கும்போது எச்சரிக்கைச் செய்தி வந்தால் காரணம் இதுதான்.

கேள்வி: கெட்ஜிஆர்நேம் வெற்றுப் பாயிண்ட்டரைத் தந்தால் அப்படியொரு குழு இல்லை என்று பொருளா?

இல்லை. குழு இல்லாமலும் இருக்கலாம், தேடும்போது கோளாறு ஏற்பட்டும் இருக்கலாம். நினைவகம் போதாமல் போனாலும், திறந்த கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டாலும், சிக்னல் வந்து இடையில் அறுந்தாலும் அதே வெற்றுப் பாயிண்ட்டர்தான் வரும். அழைப்பதற்கு முன், பிழை எண் வைக்கப்படும் மாறியான எர்நோவைப் பூச்சியமாக்குங்கள். அழைத்த பின் பாருங்கள். பூச்சியமாகவே இருந்தால் குழு இல்லை என்று கொள்ளலாம். சில இயங்குதளங்களும் சில பதிவேட்டு இணைப்புகளும் குழு இல்லாதபோதுகூட ஈநோஎன்ட் போன்ற பிழை எண்களை எர்நோவில் வைக்கின்றன என்று லினக்ஸின் கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது. அனுமதியைப் பற்றிய முடிவாக இருந்தால் ஐயம் வரும்போது மறுத்துவிடுவதே நல்லது. ஆனால் 'குழு இல்லை' என்பதற்கும் 'தேட முடியவில்லை' என்பதற்கும் வெவ்வேறு செய்திகளைப் பதிவில் எழுதி வையுங்கள். இரவில் அழைப்பு வரும்போது அந்த வேறுபாடு உங்களுக்கு உதவும்.

கேள்வி: இரண்டு குழுக்களை அடுத்தடுத்துத் தேடினேன். முதலில் வாங்கிய விடை இரண்டாவதாக மாறிவிட்டது. ஏன்?

கெட்ஜிஆர்நேம் தரும் பாயிண்ட்டர் நூலகத்துக்குள் இருக்கும் ஒரே ஓர் இடத்தை நோக்குகிறது. அடுத்த அழைப்பு, அது கெட்ஜிஆர்ஜிஐடியாகவே இருந்தாலும், அந்த இடத்தை அழித்து எழுதலாம். அந்தப் பாயிண்ட்டரை நீங்கள் ஃப்ரீ செய்யவும் கூடாது. தேவையானது எண் மட்டும் என்றால் உடனே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு கவலையே இல்லை.

பல த்ரெட்கள் ஓடும் நிரலில் கெட்ஜிஆர்நேம்_ஆர், கெட்ஜிஆர்ஜிஐடி_ஆர் ஆகியவற்றைப் பயன்படுத்தவேண்டும். இவற்றுக்குக் கட்டமைப்பையும், எழுத்துகளை வைக்கும் பஃபரையும், விடையின் பாயிண்ட்டரை வாங்கும் இடத்தையும் நீங்களே கொடுக்கிறீர்கள். இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். பிழை எண் எர்நோவில் வராது, திரும்பும் மதிப்பாகவே வரும். திரும்பியது பூச்சியம், விடைப் பாயிண்ட்டர் வெற்று என்றால்தான் குழு இல்லை என்று பொருள். இந்தத் தெளிவுக்காகவே ஒற்றை த்ரெட் நிரலில்கூட நான் இவற்றையே விரும்புகிறேன். மற்றொன்று பஃபரின் அளவு. சிஸ்கான்ஃப் செயற்கூற்றைக் கேட்டால் ஓர் அளவு கிடைக்கும். ஜிலிப்சியில் அது 1024. அதை உச்சவரம்பு என்று நினைத்துவிடக் கூடாது, அது தொடக்கத்துக்கான பரிந்துரை மட்டுமே. சில இயங்குதளங்களில் −1 கூட வரலாம். சில நூறு பேர் உள்ள குழுவின் உறுப்பினர் பெயர்களை 1024 பைட்டுகளில் அடக்க முடியாது. ஈரேஞ்ச் என்ற பிழை திரும்பினால் பஃபரை இரட்டிப்பாக்கி மறுபடி அழையுங்கள். ஏதோ ஓர் உச்சத்தில் நிறுத்துங்கள். சின்ன ஆய்வகக் கணினியில் ஒருபோதும் வராத இந்தப் பிழை, பெரிய நிறுவனத்தின் பதிவேட்டில் முதல் நாளே வந்துவிடும்.

கேள்வி: யூசர்மாட் கட்டளையால் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டேன். ஆனாலும் என் நிரலுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. ஏன்?

ரிச்சி தெருவில் ஆர்டுவினோ பலகை வாங்கிவந்து முதன்முதலில் செருகும் ஒவ்வொரு மாணவரும் கேட்கும் கேள்வி இது. உபுண்டுவிலும் டெபியனிலும் டிடிஒய்யூஎஸ்பி0 போன்ற தொடர்முனைகள் டயல்அவுட் என்ற குழுவுக்கு உரியவை. அதன் எண் 20. ஆர்ச் லினக்ஸில் அதே வேலையை யூயூசிபி என்ற குழு செய்கிறது. குழுவில் சேர்ந்துகொள் என்று இணையத்தில் படித்துச் சேர்ந்துகொள்கிறார்கள். அதே முனையத்தில் மறுபடி முயல்கிறார்கள். அனுமதி இல்லை என்றே வருகிறது.

துறைமுக வாயிலில் காலையில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் உள்ளே இருக்கும்போது, இன்னொரு கிடங்குக்கும் செல்ல அவருக்கு அனுமதி உண்டு என்று அலுவலகப் பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். அவர் கையில் இருக்கும் சீட்டில் அது தானாக ஏறிக்கொள்ளாது. வெளியே வந்து புதுச் சீட்டு வாங்கவேண்டும். புராசஸின் குழுக்களும் அப்படித்தான். நீங்கள் நுழையும்போது லாகின் நிரல் பதிவேட்டைப் படித்துக் கெர்னலிடம் குழு எண்களை ஒப்படைக்கிறது. அதன் பிறகு ஃபோர்க் வழியாகப் பிறக்கும் ஒவ்வொரு புராசஸும் அந்த எண்களையே பெற்றுக்கொள்கிறது. எக்ஸெக் செய்து வேறு நிரலை ஏற்றினாலும் அவை மாறுவதில்லை. ஆகவே முழுமையாக வெளியேறி மீண்டும் நுழையவேண்டும். முனைய ஜன்னலை மட்டும் மூடித் திறந்தால் போதாது, ஏனென்றால் அந்த முனையத்தைப் பெற்ற டெஸ்க்டாப்பின் கையில் இருப்பது பழைய சீட்டு. அவசரத்துக்கு நியூஜிஆர்பி டயல்அவுட் என்று கொடுத்தால் அந்த ஒரு ஷெல்லில் மட்டும் வேலை நடக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஐடி என்ற கட்டளையை வெறுமனே இயக்கினால் அது தன் புராசஸின் குழுக்களைக் கெர்னலிடம் கேட்டுச் சொல்லும். ஐடி செல்வி என்று பெயரோடு இயக்கினால் பதிவேட்டைப் படித்துச் சொல்லும். இரண்டும் வேறுபட்டால் நீங்கள் இன்னும் வெளியேறி நுழையவில்லை என்று பொருள். /ப்ராக்/செல்ஃப்/ஸ்டேட்டஸ் கோப்பில் 'குரூப்ஸ்' என்று தொடங்கும் வரியிலும் கெர்னலின் விடை எண்களாக இருக்கும்.

யூசர்மாட் கட்டளையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பெரிய 'ஜி' விருப்பத்தோடு சிறிய 'ஏ' விருப்பத்தையும் கொடுக்காவிட்டால், புதிய குழுவில் சேர்வதோடு நிற்காமல், பட்டியலில் சொல்லாத மற்றத் துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீங்கிவிடுவீர்கள். நிர்வாக உரிமை தரும் சூடோ குழுவும் அதில் அடக்கம். இப்படித் தன் கணினிக்கே அந்நியராகிப்போன மாணவர் ஒவ்வோர் அணியிலும் ஒருவராவது இருக்கிறார்.

கேள்வி: கெட்குரூப்ஸ் தரும் பட்டியலில் முதன்மைக் குழு இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். செயலில் உள்ள குழு எண் அந்தப் பட்டியலில் இடம்பெறுமா என்பதைப் போசிக்ஸ் திறந்தே விட்டிருக்கிறது. ஆகவே கெட்ஈஜிஐடி தரும் எண்ணையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். எத்தனை குழுக்கள் என்று முன்கூட்டி அறிய, அளவைப் பூச்சியமாகக் கொடுத்து அழைத்தால் எண்ணிக்கை மட்டும் வரும்.

கேள்வி: குரூப் கோப்பையே திறந்து, முக்காற்புள்ளியில் பிரித்துப் படித்துவிட்டால் என்ன? நான்கு வரி வேலைதானே?

உங்கள் சொந்தக் கணினியில் வேலை செய்யும். ஒரு கல்லூரி ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ செய்யாது. அங்கே பயனர்களும் குழுக்களும் எல்டாப் சேவையகத்திலோ ஆக்டிவ் டைரக்டரியிலோ, அதாவது வலையமைப்பில் உள்ள பொதுப் பதிவேட்டில், இருக்கும். உள்ளூர்க் கோப்பில் கணினிக்கு உரிய குழுக்கள் மட்டுமே இருக்கும். எங்கே, எந்த வரிசையில் தேடவேண்டும் என்பதை /ஈடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் 'குரூப்' என்று தொடங்கும் வரி சொல்கிறது. கெட்ஜிஆர்நேம் அந்த வரியைப் பின்பற்றுகிறது. நீங்கள் எழுதும் நான்கு வரிகள் பின்பற்றா. அதே கோப்பில் 'இனிட்குரூப்ஸ்' என்று இன்னொரு வரியும் இருக்கலாம். ஒரு பயனரின் குழுக்களைத் தேடும்போது மட்டும் அது பயன்படும். மேக்ஓஎஸ்ஸில் நிலைமை இன்னும் வெளிப்படை: ஒற்றைப் பயனர் நிலையில் இயங்கும்போது மட்டுமே தன்னை நேரடியாகப் பார்ப்பார்கள் என்று குரூப் கோப்பே தன் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறது.

ஷெல் நிரலிலும் கோப்பைக் கிரெப் செய்யாமல் கெட்என்ட் குரூப் கேரம் என்று கேட்பதே முறை. அது நூலகம் போகும் பாதையிலேயே போகும்.

கேள்வி: எல்லாக் குழுக்களையும் வரிசையாகப் பெற முடியுமா?

கெட்ஜிஆர்என்ட் ஒவ்வோர் அழைப்புக்கும் அடுத்த குழுவைத் தரும், செட்ஜிஆர்என்ட் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும், என்ட்ஜிஆர்என்ட் முடித்துவைக்கும். ஆனால் கணினியை எல்டாப் போன்ற வெளிப் பதிவேட்டோடு இணைக்கும் எஸ்எஸ்எஸ்டி போன்ற நிரல்களில் முழுப் பட்டியலையும் வரிசையாகத் தரும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும் குழு, வரிசையில் வராமல் போகலாம். இந்த வரிசையை நம்பி அனுமதியை முடிவுசெய்யாதீர்கள்.

கேள்வி: ஒருவர் எத்தனை குழுக்களில் இருக்கலாம்?

லினக்ஸ் கெர்னல் 2.6.3 வரை துணைக் குழுக்களின் வரம்பு 32. 2004-இல் வந்த 2.6.4 முதல் அது 65,536. நடைமுறையில் வேறோர் இடத்தில்தான் இடிக்கும். என்எஃப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும்போது, ஆத்_சிஸ் என்ற வழக்கமான அடையாள முறையின் செய்தியில் 16 குழு எண்களுக்கு மட்டுமே இடமுண்டு. பதினேழாவது குழுவின் உரிமை கம்பியைக் கடப்பதில்லை. உள்ளூரில் திறக்கும் கோப்பு பகிர்ந்த கோப்பகத்தில் மட்டும் திறக்கவில்லை என்றால், ஒருவர் இருக்கும் குழுக்களை எண்ணிப் பாருங்கள். சேவையகத்தில் மவுண்ட்டி நிரலை 'மேனேஜ்-ஜிஐடிஸ்' விருப்பத்தோடு இயக்கினால், வந்த பட்டியலை விட்டுவிட்டுச் சேவையகமே பதிவேட்டில் தேடிக்கொள்ளும்.

கேள்வி: முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராகத் தொடங்கி, பிறகு சாதாரணப் பயனராக மாறும் சேவை நிரலை எழுதுகிறேன். குழுக்களை எப்படிக் கையாள்வது?

வரிசைதான் முக்கியம். முதலில் இனிட்குரூப்ஸ், அது பயனரின் குழுக்களைப் பதிவேட்டில் தேடிக் கெர்னலிடம் ஒப்படைக்கும். அடுத்து செட்ஜிஐடி. கடைசியில் செட்யூஐடி. செட்யூஐடியை முதலில் செய்துவிட்டால் ரூட்டின் உரிமை போய்விடும்; அதன் பிறகு குழுக்களை மாற்ற அதிகாரம் இருக்காது. இனிட்குரூப்ஸை மறந்துவிட்டால் இன்னும் மோசம்: பயனர் எண் மாறியிருக்கும், ஆனால் ரூட்டின் துணைக் குழுக்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. மூன்று அழைப்புகளின் திரும்பும் மதிப்பையும் பாருங்கள்; ஒன்று தோற்றாலும் நிரலை நிறுத்துங்கள்.

கேள்வி: கன்டெய்னருக்குள் அதே நிரல் வேறு விடை தருகிறது. ஏன்?

கன்டெய்னர் என்பது தனக்கென்று கோப்புகளோடு தனித்து ஓடும் ஒரு சூழல். அதற்குள் இருக்கும் குரூப் கோப்பு வேறு, வெளியே இருப்பது வேறு. எண் மட்டுமே இரண்டுக்கும் பொது. எண்களை உள்ளே வேறாகக் காட்டும் யூசர் நேம்ஸ்பேஸ் இருந்தால் அதுவும் மாறும். டாக்கரில் எண்ணை மட்டும் கொடுத்து இயக்கினால், அந்த எண்ணுக்கு உள்ளே பெயரே இல்லாமல் போகலாம். அப்போது கெட்ஜிஆர்ஜிஐடி வெற்றுப் பாயிண்ட்டரைத் தருவது பிழை அல்ல, இயல்பு.

நூலகமும் மாறியிருக்கலாம். அல்பைன் லினக்ஸில் உள்ள மசல் நூலகம் என்எஸ்ஸ்விட்ச் கோப்பைப் பொருட்படுத்துவதில்லை. கோ மொழியில், சி நூலகங்களை இணைக்கும் சிகோ இல்லாமல் தொகுத்த நிரல், பாஸ்வேர்டு, குரூப் கோப்புகளைத் தானே படிக்கிறது; எல்டாப்பில் இருக்கும் குழு அதற்குத் தெரியாது. ஜிலிப்சியோடு நிலையாக இணைத்துத் தொகுத்தால், ஓடும்போதும் அதே பதிப்பின் பகிர்நூலகங்கள் தேவைப்படும் என்று இணைப்பி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் புறக்கணிக்காதீர்கள்.

கேள்வி: பைத்தானில் இவ்வளவு சிக்கல் உண்டா?

நினைவகத் தொல்லை இல்லை, பொருள் சார்ந்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. ஜிஆர்பி தொகுதியின் கெட்ஜிஆர்நேம், குழு இல்லை என்றால் கீஎரர் எழுப்பும். அதன் உறுப்பினர் பட்டியலிலும் முதன்மைக் குழுவினர் வரமாட்டார்கள். ஓஎஸ் தொகுதியில் 3.3 பதிப்பு முதல் கெட்குரூப்லிஸ்ட் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: விண்டோஸில்?

அங்கே குழுவின் அடையாளம் சிறு எண் அல்ல, எஸ்ஐடி என்ற நீண்ட அடையாளம். ஒரு பயனரின் உள்ளூர்க் குழுக்களை நெட்யூசர்கெட்லோக்கல்குரூப்ஸ் தரும். ஒரு குழுவுக்குள் இன்னொரு குழுவாக மறைமுகமாக வருபவற்றையும் சேர்க்க அதற்கென ஒரு கொடி உண்டு. கிடைத்த பஃபரை நெட்ஏபிஐபஃபர்ஃப்ரீ கொண்டு விடுவிக்கவேண்டும். ஓடும் புராசஸின் நிலையை அறிய அதன் உரிமைகளைச் சுமக்கும் டோக்கனைக் கேட்கவேண்டும். செக்டோக்கன்மெம்பர்ஷிப் அதற்கு உரியது. பதிவேடும் புராசஸும் வெவ்வேறு விடை தரும் கதை இங்கேயும் உண்டு: விஸ்டா முதல், நிர்வாகிகள் குழுவில் உள்ளவர் சாதாரணமாகத் தொடங்கும் நிரலின் டோக்கனில் அந்தக் குழு மறுப்புக்கு மட்டும் என்று குறிக்கப்பட்டிருக்கும், ஆகவே செக்டோக்கன்மெம்பர்ஷிப் இல்லை என்றே சொல்லும். குழுவின் பெயரை எழுத்துச்சரமாக ஒப்பிடாதீர்கள், ஜெர்மன் விண்டோஸில் அதே குழுவின் பெயர் வேறு. எஸ்-1-5-32-544 என்ற எஸ்ஐடி எல்லா மொழிகளிலும் ஒன்றுதான்.

கேள்வி: கோப்பைத் திறக்க அனுமதி உண்டா என்று குழுக்களைப் பட்டியலிட்டு நானே கணக்கிடலாமா?

கூடாது. ஏசிஎல் என்ற கூடுதல் அனுமதிப் பட்டியல், புராசஸுக்குத் தரப்பட்ட தனித் திறன்கள், ஏற்றப்பட்ட கோப்பமைப்பின் விதிகள் என்று கெர்னல் பார்ப்பவை உங்கள் கணக்கில் வரமாட்டா. கோப்பைத் திறந்து பாருங்கள், மறுத்தால் மறுப்பு. குழுவைத் தேடும் வேலை, உங்கள் நிரலே காவலாக நிற்கும் இடங்களுக்கு மட்டும்: ஒரு கட்டளையை யார் இயக்கலாம், ஒரு பக்கத்தை யார் பார்க்கலாம் என்பன போன்றவற்றுக்கு.

கேள்வி: ஒரே எண்ணுக்கு இரண்டு குழுப் பெயர்கள் இருந்தால்?

குரூப் கோப்பு அதைத் தடுப்பதில்லை. கெட்ஜிஆர்ஜிஐடி வழக்கமாக முதலில் எதிர்ப்படும் பெயரைத் தரும். கெர்னலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே குழு. ஒப்பிடும்போது எண்ணை ஒப்பிடுங்கள், காட்டும்போது மட்டும் பெயரைத் தேடுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால் எல்எஸ் கட்டளை செய்வதுபோல எண்ணையே காட்டிவிடுங்கள்.